தாத்தாவின் பாஸ்போர்ட் எந்த ஆபீஸில் இருக்கும்?

குடும்ப வரலாறு தேடக் கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "என் தாத்தா 1930-களில் மலாயாவுக்குப் போனார். அவருடைய பாஸ்போர்ட் நகல் வேண்டும்." வருகிற பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "அப்படி எந்தப் பதிவும் இல்லை." அலுவலகம் தட்டிக்கழிக்கிறது என்று கோபப்படுவதற்கு முன்னால் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தத் தாத்தாவிடம் பாஸ்போர்ட் என்று ஒன்று இருந்ததா? கடல் தாண்டிய தமிழர்களில் பெரும்பாலோர் பாஸ்போர்ட் இல்லாமலேயே போனவர்கள். அவர்களுக்கும் காகிதம் உண்டு, ஆனால் பெயர் வேறு, இடம் வேறு. அதனால் "எந்த ஆபீஸ்" என்ற கேள்விக்கு முன்னால் மூன்று கேள்விகள் வருகின்றன: எந்த வருடம் போனார், எந்த ஊருக்குப் போனார், அப்போது அவர் யாருடைய பிரஜை?

வருடத்திலிருந்து தொடங்குவோம். முதல் உலகப் போருக்கு முன்பு சாதாரணப் பயணிக்கு பாஸ்போர்ட் கட்டாயமில்லை. போர்க்காலக் கட்டுப்பாடுகளைத் தொடர்ந்து 1920-இல் இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கையாண்டது இந்தியாவுக்குள் நுழைவதைத்தான். நாட்டை விட்டு வெளியே போக பாஸ்போர்ட் வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் 1967 வரை இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு போகும் உரிமை தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. சட்டம் இல்லாமல் அரசு இஷ்டப்படி பாஸ்போர்ட்டை மறுக்கவோ பறிக்கவோ முடியாது என்றும் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் நிறைவேறியது. பழைய கோப்புகளைத் தேடுகிறவர்களுக்கு இந்த வருடம் முக்கியம். 1967-க்கு முந்தைய பாஸ்போர்ட்டுகள் நிர்வாக உத்தரவின் பேரில் கொடுக்கப்பட்டவை. அவற்றின் கோப்பு முறையும் வேறு.

யார் கொடுத்தார்கள் என்பதும் காலத்துக்குக் காலம் மாறியது. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணத்துக்காரருக்கு மாகாண அரசே பாஸ்போர்ட் வழங்கியது. 1954-இல் மத்திய அரசு வட்டாரப் பாஸ்போர்ட் அலுவலகங்களைத் தொடங்கியபோது முதலில் அமைந்த ஐந்து ஊர்களில் சென்னையும் ஒன்று. மற்றவை பம்பாய், கல்கத்தா, டெல்லி, நாக்பூர். ஆகவே 1948-இல் வாங்கிய பாஸ்போர்ட்டை இன்றைய பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேட்பது, வேறொரு அரசாங்கத்தின் கோப்பை இந்த அரசாங்கத்திடம் கேட்பது போல. அதைத் தேட வேண்டிய இடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

இனி பாஸ்போர்ட் இல்லாமல் போனவர்கள். பர்மா 1937 ஏப்ரல் 1 வரை இந்தியாவின் ஒரு மாகாணம். அதற்கு முன் ரங்கூன் போனவருக்கு அது உள்நாட்டுப் பயணம். கப்பல் டிக்கெட் போதும். இலங்கையோடும் 1949 நவம்பர் வரை பாஸ்போர்ட் வழக்கம் இல்லை. அந்த மாதம்தான் இலங்கையின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தோட்டத்துக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, எண் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தலைமன்னார் போனார்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி மூலம் போன கூலித் தொழிலாளர்களும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. இலங்கை, மலாயா இரண்டுக்குமே அவர்களின் பயணத்தைக் கவனித்தது 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமும் அதன் அதிகாரிகளும்தான். மலாயாவுக்கு 1938-இலும் இலங்கைக்கு 1939-இலும் இந்த வகைக் கூலிப் பயணத்தை இந்திய அரசு நிறுத்தியது. "1940-இல் தோட்ட வேலைக்குப் போனார்" என்று வீட்டில் சொன்னால், வருடத்தையோ வேலையையோ இன்னொரு முறை விசாரிப்பது நல்லது.

அதே காலத்தில் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் வேறு ரகம்: வியாபாரம், வட்டிக்கடை, எழுத்தர் வேலை, படிப்பு, இங்கிலாந்துப் பயணம். உங்கள் ஆள் எந்த ரகம் என்று தெரிந்தாலே பாதித் தேடல் முடிந்த மாதிரி.

முதலில் வீட்டுப் பெட்டி

எந்த அலுவலகத்துக்கும் எழுதுவதற்கு முன் வீட்டில் இருக்கும் காகிதத்தை ஒழுங்காகப் படிக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட் கையில் இருந்தால் எல்லோரும் முதலில் புகைப்படத்தைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது பின்பக்கங்களில் உள்ள குறிப்புகளை. "இவர் இதற்கு முன் இன்ன எண் பாஸ்போர்ட்டில் பயணம் செய்தவர்" என்று கையெழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில் பழைய எண், வழங்கிய ஊர், தேதி மூன்றும் கிடைத்துவிடலாம். அது கிடைத்தால் ஒரு தலைமுறைக் காகிதத்திலிருந்து அதற்கு முந்தையதுக்கு நேராகப் போகலாம். எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும் என்ற பட்டியல், வழங்கிய அலுவலக முத்திரை, மனைவி, பிள்ளைகள் பெயர் சேர்த்த தேதி, புதுப்பித்த ஊர் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். சென்னையில் வாங்கி பினாங்கில் புதுப்பித்திருந்தால் கோப்பு இரண்டு இடத்தில் உண்டு.

புத்தகத்தை லேமினேட் செய்யாதீர்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுக்காமல் கால்களை மெல்ல நிமிர்த்தி எடுங்கள். 600 டிபிஐ-யில், வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். மங்கிய ரப்பர் முத்திரை கண்ணுக்குத் தெரியாமல் போய், திரையில் மாறுபாட்டைக் கூட்டினால் தெரிவது உண்டு.

வீட்டில் பாஸ்போர்ட்டே இல்லையென்றால் அதற்கும் காரணம் இருக்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்திருப்பார். அப்படியென்றால் அந்த நாட்டின் குடியுரிமைக் கோப்பில்தான் அவருடைய விவரம் அதிகமாக இருக்கும்.

புத்தகம் அல்ல, விண்ணப்பம்

பாஸ்போர்ட் என்பது பயணிக்குக் கொடுத்துவிடும் பொருள். அரசிடம் தங்குவது விண்ணப்பமும் அதோடு சேர்ந்த காகிதங்களும்தான். குடும்ப வரலாற்றுக்குப் பயன்படுவதும் அதுவே. தகப்பனார் பெயர், பிறந்த ஊர், நிரந்தர முகவரி, பயணக் காரணம், யாரை நம்பிப் போகிறார், அவரைத் தெரியும் என்று சான்றளித்தவரின் கையெழுத்து, போலீஸ் விசாரணைக் குறிப்பு எல்லாம் அதில்தான். "பாஸ்போர்ட் நகல்" என்று கேட்டால் "எங்களிடம் நகல் கிடையாது" என்று சரியாகவே பதில் வரும். "விண்ணப்பமும் அது சம்பந்தமான கோப்பும், வழங்கல் பதிவேட்டில் உள்ள பதிவும்" என்று கேட்க வேண்டும்.

இதில் பதிவேடும் கோப்பும் வேறு. கோப்பு தடிமனானது, குறித்த காலம் முடிந்தால் அழித்துவிடுவார்கள். பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரிதான். அது தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இங்கிலாந்திலும் இதே கதைதான். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எஃப்ஓ 610 என்ற வரிசையில் 1795 முதல் 1948 வரையிலான பாஸ்போர்ட் பதிவேடுகள் உள்ளன. எஃப்ஓ 611 அகரவரிசைப் பெயர்ப் பட்டியல். ஆனால் அவை லண்டன் வெளியுறவு அலுவலகம் கொடுத்தவை. சென்னையில் வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் பாஸ்போர்ட்டை அங்கே தேடினால் நேரம்தான் வீண்.

எழும்பூர் காப்பகத்தில் தேடல் அறையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வழி. தபாலில் "என் தாத்தாவைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்" என்று எழுதினால் நடக்காது. அங்கே கோப்புகள் பெயர்வாரியாக இல்லை. துறை, ஆண்டு, அரசாணை எண் என்ற வரிசையில்தான் கட்டுகள் இருக்கும். ஆண்டு அகரவரிசைக் குறிப்பேட்டில் "பாஸ்போர்ட்" என்ற தலைப்பைப் பார்த்து, எண்ணைக் குறித்து, பிறகு கட்டைக் கேட்க வேண்டும். வருடம் உறுதியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் இரண்டு இரண்டு ஆண்டு சேர்த்துப் பாருங்கள். மத்திய அரசு வரை போன விவகாரமாக இருந்தால், உதாரணமாக மறுக்கப்பட்ட விண்ணப்பம், அரசியல் சந்தேகம், வெளிநாட்டில் சிக்கியவரைத் திருப்பி அழைத்தது போன்றவை, டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். அதன் 'அபிலேக் படல்' தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து வீட்டிலிருந்தே தேடலாம். ஒழுங்காகப் போய்வந்தவரைவிட வம்பில் மாட்டியவரின் கோப்புதான் தடிமனாக இருக்கும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது வரம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது

1954-க்குப் பிந்தைய பாஸ்போர்ட்டுக்கு, தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 (ஆர்டிஐ) உதவும். விண்ணப்பிப்பவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பேரன் நேரடியாகக் கேட்க முடியாது. ஊரில் இருக்கும் பங்காளியோ மாமாவோ கையெழுத்துப் போட வேண்டியதுதான். வெளியுறவு அமைச்சகம் மத்திய அரசு என்பதால் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் 10 ரூபாய் கட்டி அனுப்பலாம். தபாலில் என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். நேரில் பார்வையிட முதல் மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். விண்ணப்பம் 500 வார்த்தைக்குள் இருக்கட்டும்.

கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீழே உள்ளது வேலை செய்யும் வடிவம்:

"இன்னாருடைய மகன் இன்னார், பிறப்பு சுமார் 1921, ஊர் இன்னது, அன்றைய தஞ்சாவூர் மாவட்டம். இவருக்கு 1956 முதல் 1959-க்குள் சென்னை வட்டாரப் பாஸ்போர்ட் அலுவலகம் வழங்கிய பாஸ்போர்ட் சம்பந்தமாக: (அ) வழங்கல் பதிவேட்டில் உள்ள பதிவின் நகல், (ஆ) விண்ணப்பக் கோப்பின் நகல், (இ) கோப்பு ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டிருந்தால், மாற்றிய தேதியும் மாற்றல் பட்டியல் எண்ணும், (ஈ) அழிக்கப்பட்டிருந்தால், அழித்த தேதியும், அந்தக் கோப்பு இடம்பெற்ற அழிப்புப் பட்டியலின் நகலும். இவர் காலமாகிவிட்டார், இறப்புச் சான்றும் உறவுமுறைச் சான்றும் இணைப்பு."

(இ)-யும் (ஈ)-யும் இல்லாமல் அனுப்புவதுதான் பலர் செய்யும் தவறு. அவை இல்லாவிட்டால் "கிடைக்கவில்லை" என்ற ஒரு சொல்லோடு விவகாரம் முடிந்துவிடும். அவை இருந்தால் அந்த ஒரு சொல் போதாது. பொது ஆவணங்கள் சட்டம் 1993 மத்திய அரசு அலுவலகக் காகிதங்களை முறைப்படிதான் அழிக்கவோ மாற்றவோ வேண்டும் என்கிறது. மனம்போனபடி எரிக்க முடியாது. "தொலைந்தது", "அழிக்கப்பட்டது", "மாற்றப்பட்டது" மூன்றும் மூன்று பதில்கள். மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது.

மறுப்பு வந்தால் பெரும்பாலும் பிரிவு 8(1)(ஜே)-யைக் காட்டுவார்கள்: தனிநபர் தகவல், கொடுக்க முடியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பிரிவை இன்னும் இறுக்கி எழுதியது. ஆனால் அதே பிரிவு 8-இன் மூன்றாவது உட்பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. விண்ணப்பத் தேதிக்கு 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த விஷயமென்றால், நாட்டுப் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் காகிதம் என்ற மூன்று விலக்குகளைத் தவிர மற்றவை தடையாகக் கூடாது என்கிறது அது. 1958-ஆம் ஆண்டு விண்ணப்பத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். முதல் கடிதத்திலேயே 8(3)-ஐக் குறிப்பிட்டுவிடுங்கள். கோப்பில் உயிரோடு இருப்பவர் பெயர் வருமென்றால், பிரிவு 10-இன்படி அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்று நீங்களே முன்வந்து எழுதுவது இன்னும் நல்லது. அதிகாரிக்கு மறுக்கும் காரணம் ஒன்று குறைகிறது. 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, கட்டணம் இல்லை. அதற்கும் மேலே 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம்.

கண்டி பாஸ்போர்ட்

இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களின் நிலைமை தனி. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும் என்று முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தியா வந்தவர்களில் பலர் கையில் இருப்பது கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் கொடுத்த பாஸ்போர்ட். அதோடு குடும்ப அட்டை என்று ஒன்றும் இருக்கும். குடும்ப வரலாற்றுக்கு இந்த அட்டை பாஸ்போர்ட்டைவிடப் பெரியது. வீட்டில் உள்ள அத்தனை பேரின் பெயர், வயது, உறவுமுறை ஒரே இடத்தில் இருக்கும். இந்தியாவில் எந்த மாவட்டம், எந்த மறுவாழ்வுத் திட்டம் என்பதும் இருக்கும்.

அட்டை எண் தெரிந்தால் கேட்க வேண்டியது பாஸ்போர்ட் அலுவலகத்தை அல்ல. தமிழ்நாடு அரசின் மறுவாழ்வுத் துறையையும், குடியமர்த்திய மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்தையும் கேட்க வேண்டும். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தவர்களுக்கு அந்தத் தோட்டக் கழகத்தின் பணியாளர் பதிவேடும் ஒரு வழி. மாநில அலுவலகம் என்பதால் இதற்கான தகவல் உரிமை மனுவில் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம்.

ஒப்பந்தத்துக்கு முன்னாலும் இலங்கையில் ஒரு பெரிய காகிதக் குவியல் உண்டானது. 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் 1951 ஆகஸ்ட் 5-க்குள் எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. எத்தனை ஆண்டு தொடர்ந்து தங்கியிருந்தார்கள் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்ததால், எந்தத் தோட்டம், எந்த வருடம், பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டது. குடியுரிமை மறுக்கப்பட்டவர்களின் கண்ணீர்க் கோப்புகளே இன்று பேரப்பிள்ளைகளுக்கு வம்சாவளியாக இருக்கின்றன.

அதற்கும் முந்தைய தலைமுறை ஒப்பந்தக் கூலிகளாகப் போயிருந்தால் தேடல் உண்மையில் சுலபம், ஏனென்றால் ஆளுக்கொரு எண் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் போனார்கள். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல்தான் முதலில் டர்பன் சேர்ந்தது. அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரைக்கும் இருக்கிறது. மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் இந்தியக் குடியேற்றக் காப்பகம். 1860-களின் நடுவிலிருந்து வந்தவர்களில் பலருக்குப் புகைப்படமே உண்டு. அங்கே சான்றிட்ட நகல் வாங்க, இன்றைய ஆளிலிருந்து குடியேறியவர் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்றுகளைச் சங்கிலியாகக் கோத்துக் கொண்டுபோக வேண்டும். ஒரு கண்ணி விட்டாலும் எண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பெயரும் ஊரும் செய்யும் வம்பு

தேடல் தோற்பதற்குக் காப்பகத்தைவிட எழுத்துக்கூட்டல்தான் அதிகக் காரணம். ராமசாமி என்ற ஒரே பெயரை இங்கிலீஷில் குமாஸ்தா ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார். நேட்டாலில் முனுசாமி 'மூன்சாமி' ஆனார். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் தகப்பன் பெயர் சில இடத்தில் முன்னாலும் சில இடத்தில் பின்னாலும் ஏறியிருக்கும். மலாயாவில் நடுவில் "அனாக் லெலாக்கி" (இன்னாரின் மகன்) சேரும். முன்னெழுத்து ஊரைக் குறித்ததா அப்பாவைக் குறித்ததா என்று அகரவரிசைக்குத் தெரியாது. அதனால் மகன் பெயர், தகப்பன் பெயர், பட்டப்பெயர் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடித்துத் தேடுவது பல நேரம் சீக்கிரம் முடியும்.

ஊரிலும் ஜாக்கிரதை வேண்டும். இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர்க்காரர்கள் பழைய காகிதத்தில் தஞ்சாவூர் ஜில்லா. சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் 1985 வரை ராமநாதபுரம். வயது எப்போதும் தோராயம். பத்து வருட வித்தியாசம் இருந்தாலும் ஆளைத் தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாவது கேள்வியை, யாருடைய பிரஜை என்பதை, பலர் கேட்பதே இல்லை. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். சென்னையில் வாங்கிய பாஸ்போர்ட்டாக இருந்தாலும் அந்த ஊர்க்காரர் "பிரிட்டிஷ் பிரஜை" அல்ல, "பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர்" என்று குறிக்கப்படுவார். செட்டிநாட்டின் ஒரு பகுதி ராமநாதபுரத்திலும் இன்னொரு பகுதி புதுக்கோட்டையிலும் இருந்ததால், பர்மாவில் ஒரே தெருவில் கடை வைத்திருந்த சம்பந்திகள் இருவரின் பாஸ்போர்ட்டிலும் இந்த வரி வேறாக இருக்கும். புதுக்கோட்டைக்காரருக்கு சமஸ்தானத்தின் தர்பார் கோப்புகளையும் பார்க்க வேண்டும். காரைக்கால், புதுச்சேரிக்காரர் பிரெஞ்சுப் பிரஜை. அவருக்கு எழும்பூரில் ஒன்றும் இருக்காது. புதுச்சேரியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளையும் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த ஆவணக் காப்பகமும்தான் வழி, அதுவும் பிரெஞ்சு மொழியில். காரைக்கால் பகுதியில் உள்ள திருமலைராயன்பட்டினத்திலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே நாகூரில் பிறந்திருந்தால் அதே ஆளின் காகிதம் முழுக்க இங்கிலீஷில், சென்னையில் இருந்திருக்கும்.